பிறந்த குழந்தைக்கு மஞ்சள்: அலட்சியமும் வேண்டாம், அவசர வைத்தியமும் வேண்டாம்

பிரசவம் முடிந்து மூன்றாம் நாள் தாயும் பிள்ளையும் வீடு வந்து சேர்கிறார்கள். ராயபுரத்தின் குறுகலான தெருவில் ஒரு சிறிய வீடு. பக்கத்து வீட்டார், உறவினர் என்று ஒவ்வொருவராக வந்து குழந்தையைப் பார்க்கிறார்கள். யாரோ ஒருவர் கேட்பார்: “என்னம்மா, பிள்ளைக்குக் கண்ணு மஞ்சளா இருக்கே?”

அடுத்த நிமிடமே இரண்டு விதமான யோசனைகள் வந்துவிடும். “எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான், காலை வெயிலில் காட்டுங்க, சரியாயிடும்” என்பார் நன்னி. “காமாலைன்னா சும்மா விடக் கூடாது, கீழாநெல்லி அரைச்சு நாக்குல தடவு” என்பார் வேறொருவர். இருவருக்கும் குழந்தை மீது பாசம்தான். ஆனால் முதல் யோசனை பாதிதான் சரி. இரண்டாவது முழுவதும் தவறு.

பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் ஒரே நோய் அல்ல. தானாகவே வந்து தானாகவே போகும் மஞ்சள் உண்டு. சில மணி நேரத்தில் மூளையைத் தாக்கும் மஞ்சளும் உண்டு. குழந்தை நன்றாகப் பால் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே கல்லீரலை அழித்துக்கொண்டிருக்கும் மஞ்சளும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய வீட்டில் இருப்பவர்கள் மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. நாள் கணக்கு தெரிந்தால் போதும். நம் வீடுகளில் ஏழாம் நாள் அகீகா, நாற்பதாம் நாள் குளிப்பு என்று நாட்களை எண்ணுவது வழக்கம்தான். அதே கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

நம் உடலில் பழைய இரத்தச் சிவப்பணுக்கள் அன்றாடம் உடைகின்றன. அப்போது ‘பிலிருபின்’ என்ற மஞ்சள் நிறக் கழிவு உண்டாகிறது. இதைக் கல்லீரல் வாங்கி, நீரில் கரையும்படி மாற்றி, பித்த நீருடன் சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு நிறம் கொடுப்பதும் இதுதான்.

தாயின் வயிற்றில் இருக்கும்வரை குழந்தையின் பிலிருபினையும் தாயின் கல்லீரலே கவனித்துக்கொள்கிறது. தொப்புள்கொடி அறுந்த நிமிடத்திலிருந்து அந்த வேலை குழந்தையின் கல்லீரலுக்கு வந்துவிடுகிறது. அதுவோ இன்னும் முழு வேகம் பிடிக்காத கல்லீரல். போதாக்குறைக்குப் பிறந்த குழந்தைக்குச் சிவப்பணுக்கள் பெரியவர்களைவிட அதிகம். அவை சீக்கிரம் உடையவும் செய்யும். வரவு அதிகம், செலவு குறைவு. மீதி தோலிலும் கண்ணிலும் மஞ்சளாகத் தெரிகிறது.

அதனால்தான் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 60 பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் சுமார் 80 பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் வருகிறது. இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தொடங்கி, மூன்று முதல் ஐந்து நாட்களில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு வாரத்துக்குள் மறைந்துவிடும். இது கல்லீரல் கெட்டதால் வருவது அல்ல. கல்லீரல் வேலை பழகிக்கொண்டிருப்பதால் வருவது. இந்த வரையறைக்குள் இருக்கும் மஞ்சளுக்கு எந்த மருந்தும் தேவையில்லை. இதைத் தாண்டினால் என்ன என்பதுதான் கேள்வி.

முதல் 24 மணி நேரம்

பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால் அதை ஒருபோதும் இயல்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிவப்பணுக்கள் வேகமாக உடைகின்றன என்பதன் அடையாளம் அது. பெரும்பாலும் தாய்க்கும் குழந்தைக்கும் இரத்த வகை ஒத்துப்போகாததே காரணம்.

தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால், குழந்தையின் சிவப்பணுக்களைத் தாயின் உடல் அந்நியப் பொருளாக நினைத்து எதிர்ப்புப் பொருளை உருவாக்கும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும்; அடுத்தடுத்த குழந்தைகளுக்குத்தான் பாதிப்பு. இதைத் தடுக்கும் ‘ஆன்டி டி’ ஊசி 1968 முதல் உலகில் பயன்பாட்டில் இருக்கிறது. குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்குப் போட வேண்டும். கரு கலைந்தாலும் இது தேவைப்படும். “கரு தங்கலை, அதற்கென்ன ஊசி” என்று விட்டுவிட்டால் அடுத்த பிள்ளை அதன் பாரத்தைச் சுமக்கும்.

தாய் ஓ வகை, குழந்தை ஏ அல்லது பி வகை என்றாலும் மஞ்சள் சீக்கிரமே வரலாம். இது முதல் குழந்தைக்கும் வரும். எனவே தாயின் இரத்த வகை என்ன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும்

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சுகப்பிரசவம் என்றால் இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மஞ்சள் உச்சத்துக்குப் போவதோ மூன்று முதல் ஐந்தாம் நாளில். அதாவது ஆபத்தான நாட்கள் மருத்துவரின் கண்ணில் அல்ல, நம் கண்ணில்தான் கழிகின்றன.

நம் வீடுகளில் பல அறைகளுக்கு ஜன்னல் வெளிச்சம் போதாது. இரவு விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் குழந்தையின் மஞ்சள் தெரியவே தெரியாது. மாநிறமான, கறுத்த குழந்தைகளுக்குத் தோலில் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். பகலில் வாசலுக்கோ ஜன்னல் ஓரத்துக்கோ கொண்டுவாருங்கள். விரலால் நெற்றியையும் மார்பையும் மெல்ல அழுத்தி எடுங்கள். அழுத்திய இடத்தில் மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணின் வெண்மையையும் ஈறுகளையும் பாருங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகிவிட்டால் அளவு மிக அதிகம் என்று பொருள். கண்ணால் பார்ப்பது சந்தேகப்படுவதற்கு மட்டும்தான். உறுதி செய்வது இரத்தப் பரிசோதனையே.

மஞ்சளோடு கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: குழந்தை பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, கீச்சென்று வித்தியாசமான குரலில் அழுவது, உடலை வில் போலப் பின்னால் வளைப்பது, காய்ச்சல், வலிப்பு.

ஏன் இவ்வளவு அவசரம்? பிலிருபின் ஓர் அளவைத் தாண்டினால் மூளைக்குள் புகுந்து படிகிறது. கேட்கும் திறனையும் கை கால் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியையும் அது குறிவைத்துத் தாக்கும். இப்படிப் பாதிக்கப்பட்டு வளரும் பல பிள்ளைகளுக்கு அறிவு தெளிவாகவே இருக்கும். உடல்தான் சொன்னபடி கேட்காது. அந்தப் பாதிப்பு வந்த பிறகு திரும்பாது. வருமுன் தடுப்பதோ மிக எளிது.

நீல விளக்கு செய்வது என்ன?

“பிள்ளையை லைட்டில் வைத்திருக்கிறார்கள்” என்றதும் பல குடும்பங்கள் பதறிப் போகின்றன. பதற வேண்டியதில்லை. இந்தச் சிகிச்சை பிறந்த கதையே சுவையானது.

1956ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு மருத்துவமனை. அங்கே குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட செவிலியர் வார்டு, நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒருநாள் ஒரு குழந்தையின் உடலில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவும், வெளிச்சம் பட்ட இடம் வெளுத்தும் இருப்பதை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். பிறகு வெயிலில் கிடந்த ஓர் இரத்தக் குப்பியில் பிலிருபின் அளவு குறைந்திருந்ததும் தெரியவந்தது. டாக்டர் கிரீமரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1958இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். நீல ஒளி, குறிப்பாக 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி, தோலில் இருக்கும் பிலிருபினின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. மாறிய பிலிருபின், கல்லீரலின் உதவிக்குக் காத்திராமல் பித்த நீரிலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. விஷயம் அவ்வளவுதான்.

“அப்படியானால் வெயிலும் வேலை செய்யும்தானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காலையில் பத்து நிமிடம் மடியில் வைத்துக் காட்டும் வெயில், ஏறிப்போன மஞ்சளை இறக்கப் போதாது. அதற்குப் பல மணி நேரம் உடல் முழுவதும் ஒளி பட வேண்டும். சென்னை வெயிலில் அப்படிக் கிடத்தினால் தோல் புண்ணாகும், உடலின் நீர் வற்றும். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் மருத்துவர்கள் வெயிலையே சிகிச்சையாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2015இல் அதன் முடிவுகள் வந்தன. அங்கேயும் தீங்கான கதிர்களை வடிகட்டும் திரைகளுக்குக் கீழே, உடல்சூட்டை அளந்துகொண்டே, பல மணி நேரம் வைத்தார்கள். திண்ணை வெயில் அது அல்ல. இளவெயிலில் காட்டுவதில் தவறில்லை. அதைச் சிகிச்சை என்று நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதுதான் தவறு.

விளக்குக்குக் கீழே குழந்தையின் கண்ணைக் கட்டுவதும் டயப்பர் தவிர மற்ற துணிகளை எடுப்பதும் வழக்கம். பால் கொடுக்க இடையில் எடுத்துக்கொள்ளலாம். விளக்கிலும் அடங்காமல் ஏறினால், குழந்தையின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்து மாற்று இரத்தம் ஏற்றுவார்கள். அந்த நிலைக்குப் போகாமல் காப்பது சீக்கிரம் போவதுதான்.

பீரோவில் இருக்கும் ஆபத்து

இது நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று. பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்குப் பழைய பருத்திச் சேலை, மென்மையான கைலி என்று பத்திரமாக எடுத்து வைத்திருப்போம். பூச்சி அரிக்காமல் இருக்க அந்துருண்டையும் போட்டு வைத்திருப்போம். வெள்ளை உருண்டையில் இருப்பது நாப்தலீன். சில குழந்தைகளுக்குச் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ‘ஜி6பிடி’ என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறை இருப்பதாகக் கணக்கு. ஆண் குழந்தைகளுக்கே அதிகம். அப்படிப்பட்ட குழந்தை நாப்தலீன் வாசனையைச் சுவாசித்தாலோ, அது ஊறிய துணி தோலில் பட்டாலோ, சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து மஞ்சள் திடீரென்று ஏறும்.

மருதாணியும் அப்படியே. பெருநாள் என்றும் வீட்டு விசேஷம் என்றும் பிஞ்சுக் கைகளிலும் கால்களிலும் மருதாணி வைப்பதில் நமக்கு ஆசை. இந்த நொதிக் குறைவுள்ள குழந்தைகளுக்கு மருதாணி பூசியதால் இரத்தம் உடைந்து உயிருக்கே ஆபத்து வந்த நிகழ்வுகளை வளைகுடா நாடுகளின் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எந்தக் குழந்தைக்கு இந்தக் குறை இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. ஆகவே குழந்தையின் துணிகள் இருக்கும் இடத்தில் அந்துருண்டை வேண்டாம். எடுத்து வைத்த துணிகளைத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். கைக்குழந்தைக்கு மருதாணி வேண்டாம். ஆசைக்கு உம்மாவின் கைகள் இருக்கின்றன.

பாலை நிறுத்தாதீர்கள்

மஞ்சள் என்றதும் “தாய் பத்தியம் தவறிவிட்டாள், பாலை நிறுத்து” என்று சொல்பவர்கள் உண்டு. தாய் சாப்பிட்ட மீனும் முட்டையும் குழந்தைக்கு மஞ்சளைத் தருவதில்லை. பால் குறைவாகக் கிடைப்பதுதான் முதல் வாரத்தில் மஞ்சளை ஏற்றும் முக்கியக் காரணங்களில் ஒன்று. பிலிருபின் வெளியேறும் வழி மலம். பால் போகாவிட்டால் மலம் போகாது. குடலில் தங்கிய பிலிருபின் திரும்ப இரத்தத்துக்கே வந்துவிடும்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், தேன் எதுவும் தேவையில்லை. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தானதும்கூட. தஹ்னீக் செய்வோர் பேரீச்சம்பழத்தின் சுவை அண்ணத்தில் படும் அளவோடு, சுத்தமான கையால் செய்து நிறுத்திக்கொள்ளலாம். அது பசிக்கு உணவல்ல, அதற்காகச் சீம்பாலைத் தாமதப்படுத்தவும் கூடாது.

தாய்ப்பால் நன்றாகக் குடித்து எடை ஏறும் சில குழந்தைகளுக்கு மஞ்சள் சில வாரங்கள் லேசாக நீடிப்பதும் உண்டு. அதுவும் தீங்கற்றது. ஆனால் அப்படித்தான் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடக் கூடாது. காரணம் அடுத்த பகுதியில்.

பதினான்காம் நாள்: மலத்தின் நிறத்தைப் பாருங்கள்

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால், குழந்தை எவ்வளவு கொழுகொழு என்று இருந்தாலும், ஒரு பரிசோதனை கட்டாயம் வேண்டும். மொத்த பிலிருபின் மட்டும் பார்த்தால் போதாது. ‘நேரடி பிலிருபின்’ எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதுவரை பேசிய மஞ்சள் எல்லாம் கல்லீரலுக்குள் நுழையும் முன் தேங்கிய பிலிருபினால் வருவது. நேரடி பிலிருபின் என்பது கல்லீரல் தன் வேலையை முடித்து அனுப்பத் தயாராக வைத்தது. அது இரத்தத்தில் கூடினால், கல்லீரலிலோ பித்தக் குழாயிலோ கோளாறு என்று பொருள். இதுதான் உண்மையான கல்லீரல் நோய். நீல விளக்கு இதற்கு மருந்தல்ல.

இதை வீட்டிலேயே சந்தேகிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, மலம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் அரைத்த கடுகு போல மஞ்சளாக இருக்கும். பச்சையாகப் போனாலும் பரவாயில்லை. சுண்ணாம்பு போல, வெளுத்த களிமண் போல இருந்தால் பித்த நீர் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தம். இரண்டு, சிறுநீர். பிறந்த குழந்தையின் சிறுநீருக்கு நிறமே இருக்காது. துணியில் அடர்மஞ்சள் கறை படிந்தால் அது சாதாரணம் அல்ல.

இதற்குக் காரணங்கள் பல. கர்ப்பத்தில் தாய்க்கு வந்த சில தொற்றுகள், சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் பரவும் கிருமி, தைராய்டு குறைவு, பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாத ‘கேலக்டோசீமியா’ என்று பட்டியல் நீளும். கேலக்டோசீமியாவில் மட்டும் தாய்ப்பாலையும் நிறுத்தியே ஆக வேண்டும். அதையும் மருத்துவரே சொல்ல வேண்டும். பித்தம் தடைபட்ட குழந்தைக்கு வைட்டமின் கே சேராது, இரத்தம் உறையாது. தொப்புளிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தால் அது பெரிய எச்சரிக்கை.

நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில்

இந்தப் பட்டியலில் நேரத்தோடு ஓடும் நோய் ஒன்று இருக்கிறது. பித்தநாள அடைப்பு. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்த நீரைக் கொண்டுபோகும் குழாய், பிறந்த சில வாரங்களிலேயே அழற்சியால் அழிந்து மூடிக்கொள்கிறது. தேங்கும் பித்தம் கல்லீரலையே அரித்துத் தழும்பாக்குகிறது. சுமார் 10,000 முதல் 15,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. அரிதான நோய்தான். ஆனால் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று தேவைப்படும் காரணங்களில் இதுவே முதலிடத்தில் இருக்கிறது.

1950களில் ஜப்பானைச் சேர்ந்த டாக்டர் மோரியோ கசாய், அழிந்த குழாயை வெட்டி எடுத்துவிட்டுக் குடலின் ஒரு பகுதியை நேரே கல்லீரலோடு இணைக்கும் அறுவையைக் கண்டுபிடித்தார். இன்றும் அவர் பெயராலேயே ‘கசாய் அறுவை’ என்று அழைக்கிறார்கள். பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பித்தம் மீண்டும் ஓடுவதற்கு நல்ல வாய்ப்பு. நாள் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும்.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். பிள்ளை பெற்றவளும் குழந்தையும் நாற்பது நாள் வெளியே போவதில்லை என்று பல குடும்பங்கள் வைத்திருக்கின்றன. அரை வெளிச்ச அறையில் குழந்தையின் நிறம் தெரியாது. மலத் துணியை வேலைக்காரரோ உறவினரோ அலசிப் போட்டுவிடுவார். “நாற்பது கழியட்டும், போய்க் காட்டலாம்” என்று நினைத்தால், கையில் மிஞ்சுவது இருபது நாள். அதற்குள் பரிசோதனை, ஸ்கேன், அறுவை எல்லாம் நடக்க வேண்டும். நாற்பது நாள் என்பது தாயின் தொழுகை, நோன்பு தொடர்பான சட்டத்துக்குரிய காலக்கெடு. மருத்துவரிடம் போகக் கூடாது என்பதற்கான தடை அல்ல.

தைவான் இதற்கு ஓர் எளிய வழியைக் கையாண்டது. மலத்தின் நிறங்களை அச்சிட்ட ஓர் அட்டையை 2004 முதல் நாடு முழுவதும் ஒவ்வொரு தாய்க்கும் கொடுத்தது. துணியில் உள்ளதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெளுத்திருந்தால் உடனே அழைக்க வேண்டும். அதன் பிறகு 60 நாளுக்குள் அறுவை பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை அங்கே உயர்ந்தது. ஜப்பானும் தாய் சேய் கையேட்டில் அந்த அட்டையைச் சேர்த்தது. நம்மிடம் அட்டை இல்லை என்றால் கைப்பேசி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் மலத் துணியைப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

அறுவைக்கு நேரம் தவறிப்போனாலும், அறுவை பலிக்காவிட்டாலும், கதை அத்தோடு முடிவதில்லை. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சஞ்சய் கந்தசாமி பித்தநாள அடைப்போடு பிறந்தவர். 1998 நவம்பர் 15 அன்று, 20 மாதக் குழந்தையாக, டெல்லி இந்திரபிரஸ்தா அப்போலோ மருத்துவமனையில் அவருக்கு அவருடைய தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து, மருத்துவம் படித்து, மருத்துவராகவே ஆனார். தமிழ்நாட்டுக் குழந்தை ஒன்றிடமிருந்து தொடங்கிய வழி இன்று சென்னையிலேயே திறந்திருக்கிறது.

கீழாநெல்லியும் கழுதைப் பாலும்

“கீழாநெல்லியை ஆங்கில மருத்துவமே ஒப்புக்கொண்டிருக்கிறதே” என்பார்கள். அதன் பின்னே ஓர் உண்மை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்கும் சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்து, 1988இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி அடையாளம் மறைந்தது என்றது அந்த ஆய்வு. 1990இல் தாய்லாந்தில் செய்த ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அந்த ஆய்வு ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாள் சுமந்தவர்களைப் பற்றியது. பிறந்த குழந்தையின் மஞ்சள் கிருமியால் வருவதே பெரும்பாலும் இல்லை. உடையும் சிவப்பணுவையும் மூடிப்போன குழாயையும் கீழாநெல்லி என்ன செய்ய முடியும்? ஐந்து நாள் குழந்தையின் வயிற்றுக்கு அரைத்த பச்சிலையோடு போவது கிருமியும் அழுக்குத் தண்ணீரும்தான். வசம்பு, உரைமருந்து, மூக்கில் சாறு விடுவது, சூடு போடுவது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். தெருவில் கொண்டுவந்து கறந்து சங்கில் ஊற்றும் கழுதைப் பாலும் மஞ்சளைத் தடுக்காது. வீட்டுக் கழுதையின் இறைச்சி விலக்கப்பட்டது என்பதை அறிந்த நாம், அதன் பாலை விலை கொடுத்து வாங்கிப் பச்சைக் குழந்தைக்குப் புகட்டுவதை ஒரு கணம் யோசிக்க வேண்டும். குழந்தைக்காக ஓதுவதும் துஆ கேட்பதும் நம் கடமை. அது மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் செய்யக்கூடியதே.

தாயின் கல்லீரலும் நம் ஊர்த் தண்ணீரும்

எண்ணூர், திருவொற்றியூர் பகுதியில் வாழ்வோர் கேட்கும் கேள்வி ஒன்று: “எங்கள் காற்றும் தண்ணீரும்தான் காரணமா?” 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயையும், அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கசிந்த அமோனியாவையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் இயல்பே. அமோனியா கண்ணையும் மூச்சையும் தாக்குவது. முதல் வார மஞ்சளுக்குக் காரணம் மேலே சொன்னவைதான்.

ஆனால் தண்ணீரை விட்டுவிட முடியாது. கழிவுநீர் கலந்த குடிநீரில் ஹெபடைடிஸ் ஈ பரவும். 1955-56இல் டெல்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அது இந்தக் கிருமியே என்று பிற்பாடு அறிந்தார்கள். மற்றவர்களுக்கு வந்து போகும் இந்தக் காமாலை, நிறைமாதக் கர்ப்பிணிக்குக் கல்லீரலையே செயலிழக்கச் செய்யலாம், குழந்தைக்கும் பரவலாம். லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, கர்ப்பிணி குடிப்பது கொதித்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும். மழைக்காலத்தில் இதில் சலுகை வேண்டாம். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால், உடல் அரித்தால், அன்றே மருத்துவமனை.

ஹெபடைடிஸ் பி வேறு வழியில் வருவது. தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றும். அப்படித் தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடும். குழந்தை வெளியே நலமாகத் தெரியும். பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசி இதைத் தடுக்கிறது. தாய்க்குத் தொற்று இருந்தால் கூடுதலாக ஓர் ஊசி தேவை. “பச்சைப் பிள்ளைக்கு இத்தனை ஊசியா” என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நெருங்கிய உறவில் திருமணம் பற்றியும் ஒரு வார்த்தை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதத் திருமணங்கள் உறவுக்குள் நடக்கின்றன. கேலக்டோசீமியா போன்ற சில பரம்பரைக் கல்லீரல் நோய்களுக்கு இதில் வாய்ப்பு அதிகம். முந்தைய குழந்தை மஞ்சளோடு இறந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

எங்கே போவது?

வடசென்னை மக்களுக்கு வாசலிலேயே வசதி இருக்கிறது. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, பழைய வண்ணாரப்பேட்டை அருகே ஸ்டான்லி அரசு மருத்துவமனை, எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளம் குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், வாகனம் எல்லாம் இலவசம். கல்லீரல் மாற்று அறுவையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. நடு இரவென்றால் 108. பணமில்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தையும் வீட்டில் கிடக்க வேண்டியதில்லை.

கடைசியாக, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்க இந்த நாள் கணக்கு:

முதல் நாளில் மஞ்சள் என்றால், அப்போதே மருத்துவரிடம்.
மூன்று முதல் ஐந்தாம் நாள் வரை, தினமும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.
ஏழாம் நாள் அகீகாவுக்குக் கூடும்போது, குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறதா, சிறுநீர் நாளைக்கு ஆறு முறையாவது போகிறதா என்று பெரியவர்கள் கேட்க வேண்டும்.
பதினான்காம் நாளும் மஞ்சள் இருந்தால், நேரடி பிலிருபின் பரிசோதனை.
எந்த நாளிலும் மலம் வெளுத்தால், நாற்பதுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனை.

குழந்தை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் மேனியைப் பார்த்து மகிழும் கண்கள், அதன் மலத் துணியையும் ஒருமுறை பார்க்கட்டும். இந்தச் செய்தியை வீட்டில் இருக்கும் நன்னிமார்களுக்கும் படித்துக் காட்டுங்கள். பிள்ளை முதலில் இருப்பது அவர்கள் மடியில்தான். இன்ஷா அல்லாஹ், அதைக் காப்பாற்றப் போவதும் அவர்கள் கண்கள்தான்.